வீரபாகு வைத்த பாஸ்வேர்டு

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து லேப்டாப் வந்து சேர்ந்தது. அங்கே இருக்கிற மகள் சங்கரியின் ஆபீசில் வேலை செய்கிற ஒருவர் லீவில் சென்னைக்கு வந்திருந்தார். அவர்தான் காஞ்சிபுரம் வரைக்கும் கார் வைத்துக்கொண்டு வந்து, பிள்ளையார்பாளையத்துத் தெருத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து, பெட்டியை அவளுடைய அம்மா நீலாம்பாளிடம் கொடுத்தார். ஒரு வாய் காபி குடிக்கச் சொன்னாள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வீட்டில் மழைச் சத்தமும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும்தான் மிச்சம். கட்டிலில் கிடந்த அவள் கணவர் வீரபாகு பெட்டியைப் பார்த்து, "மெதுவா" என்றார்.

இரண்டு மாதமாக அவர் வாயில் இருந்தது அந்த ஒரு சொல்தான். ஆவணி மாதத்தில் ஒரு காலை, நாற்காலியில் உட்கார்ந்து புடவைக் கரை ஒன்றுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கம் சாய்ந்தார். மடியிலிருந்த பழைய லேப்டாப்பும் அவரோடு தரையில் விழுந்தது. அவரை ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். லேப்டாப் பிழைக்கவில்லை. வலது கை துவண்டு போயிருந்தது, கால் இழுத்தது, பேச்சு நின்றுபோனது. தண்ணீர் வேண்டுமென்றால் "மெதுவா". ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் "மெதுவா". கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அதே "மெதுவா". சொல்லெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆமாம் என்று நினைத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவார், அதையும் நம்ப வேண்டாம் என்றார்.

"மனுசங்க மூஞ்சியப் பாத்துப் பேசப் பேசத்தாம்மா வரும். தனியா மட்டும் விட்றாதீங்க."

தனியாக விடாமலிருக்க மனுஷர்கள் வேண்டுமே. முதல் பதினைந்து நாள் தெருவே வந்தது. வந்தவர்கள் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வரவே, அவரை விட்டுவிட்டு நீலாம்பாளிடம் பேசினார்கள். அப்புறம் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அதுவும் நின்றது. யாரும் கெட்டவர்கள் இல்லை. பேச்சு வராத ஒருவரின் முன்னால் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை, அவ்வளவுதான். நீலாம்பாள் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் ராட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தறிகளுக்குப் பட்டு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். சக்கரம் சுற்றும்போது அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சக்கரம் நின்றால் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

ஒரே மகள் சங்கரிக்கு வயிற்றில் ஏழு மாதம். விமானம் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போனை அவர் காதில் வைத்தால் மகள் குரலைக் கேட்டுக் கண்ணில் நீர் வரும். பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், "மெதுவா" வரும். மூன்றாம் தடவை போனைச் சுவரில் எறிந்துவிட்டார். போன் என்பது பேச்சைக் கேட்கிற சாமான், அவரிடம் பேச்சு இல்லை. அதனால்தான் கேமரா வைத்த லேப்டாப்பைச் சங்கரி வாங்கி அனுப்பினாள். ஸ்கைப்பில் முகம் தெரியும். அவர் பேச வேண்டாம், பார்த்தால் போதும்.

மறுநாள் காலை சங்கரி போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நீலாம்பாள் லேப்டாப்பைத் திறந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் கம்ப்யூட்டர் பக்கமே அவள் போனதில்லை. அது அவருடைய சாமான்.

"கீழ வலது பக்க மூலையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் படம் இருக்குதாம்மா? அத தட்டு."

"தட்டிட்டேன்டி."

"வீரபாகு டிசைன்ஸ்னு இங்லீஷ்ல வருதா?"

"வி... வருது, வருது."

"அதாம்மா நம்மூட்டு வைஃபை. அத ரெண்டு தபா தட்டு."

தெருவிலேயே முதல் ஆளாகப் போன வருஷம், இரண்டாயிரத்து எட்டில், அந்த மோடத்தை வாங்கி மாட்டியவர் வீரபாகுதான். பட்டுக்கடைக்குப் போகிற டிசைனெல்லாம் மெயிலில் போயின. வயர் இல்லாமல் எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அவரே விளக்கிச் சொல்லுவார். அலமாரி மேல் அதன் பச்சை விளக்குகள் இப்போதும் கண்சிமிட்டிக்கொண்டுதான் இருந்தன.

"இன்னாமோ பெட்டி மாதிரி வந்து கேக்குதுடி."

"பாஸ்வேர்டும்மா."

"அதுக்கு இன்னா போடணும்?"



"எனக்குத் தெரியாதேம்மா. அப்பாதானே வெச்சாரு. எனக்குத் தோணவே இல்ல. அப்பாவத்தான் கேக்கணும்."

நீலாம்பாள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, தொண்டையில் அடைக்காமல் ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, பாஸ்வேர்டு வெச்சீங்களே, அது பேரா, நம்பரா?"

தலையாட்டினார்.

"பேரா?"

தலையாட்டினார்.

"நம்பரா?"

அதற்கும் ஆட்டினார். பிறகு அவரே எரிச்சலாகி இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார்.

சங்கரி என்று போட்டுப் பார்த்தாள். எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அழுத்த ஐந்து நிமிஷம் ஆயிற்று. அழுத்தின எழுத்தும் தெரியாது, கருப்புப் பொட்டுதான் விழும். சங்கரியின் பிறந்த தேதி, ஏகாம்பரம், காமாட்சி, வீட்டு நம்பர், பழைய ஸ்கூட்டர் நம்பர் என்று மகள் போனில் சொன்னதையெல்லாம் போட்டாள். ஒன்றும் திறக்கவில்லை. பேப்பரும் பென்சிலும் இடது கையில் கொடுத்தாள். டிசைன் போட்ட கை அல்லவா, கோடு அழகாக விழுந்தது. எழுத்து விழவில்லை. ஒரு வளைவு, அதன் மேல் இன்னொரு வளைவு, அப்புறம் பென்சில் நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் அவரையே தட்டச் சொன்னாள். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி ஒவ்வொன்றாக அழுத்தினார். நான்கு பொட்டு விழுந்தது. ஐந்தாவது விழுந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. நெற்றி வேர்த்துவிட்டது. சட்டென்று லேப்டாப்பைத் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு கேள்வி அவள் நாக்கிலேயே நின்றிருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. நான்காம் நாள் கேட்டாள்.

"என் பேர வெச்சிருக்கீங்களா?"

வீரபாகு அவளை நேராகப் பார்த்தார். இல்லையென்று தலையசைத்தார். இந்த ஒன்றுக்கு மட்டும் தயக்கமில்லாமல், தெளிவாக. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு போட்டும் பார்த்தாள். நீலாம்பாள் என்பதை இங்கிலீஷில் மூன்று விதமாக எழுதலாம் என்று சங்கரி சொன்னாள். மூன்றும் இல்லை.

"சரி, வுடுங்க" என்று எழுந்து போய்ப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்த பாத்திரத்தையே இன்னொரு தரம் தேய்த்தாள். அவருடைய வாழ்க்கையில் எதெல்லாம் முக்கியம் என்று அவளுக்கு ஐந்தாறு பேர்தான் தெரியும், அந்த ஐந்தாறும் தீர்ந்துவிட்டன. முப்பது வருஷத்தில் அவர் அவளை ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. ஆனால் பேசினதும் இல்லை. கடைக்காரர்களிடம் பேசுவார், தறிக்காரர்களிடம் பேசுவார், வீட்டுக்கு வந்தால் கிராப் பேப்பரில் தலையைக் கவிழ்ப்பார். பிற்பாடு பேப்பர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அவள் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இந்த நான்கு நாளில்தான் அவரிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

போன் லைன் பார்க்க வந்த லைன்மேனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மோடத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஓட்டைல குண்டூசியால குத்துனா பாஸ்வேர்டு போயிடும்மா. ஆனா லைனுக்குன்னு உள்ள போட்டு வெச்சிருக்கற பேரு, நம்பரு எல்லாம் கூடவே போயிடும். அப்புறம் சார் கையெழுத்து போட்டு லெட்டர் குடுக்கணும், பத்து நாளோ இருவது நாளோ." சொல்லிக்கொண்டே அவர் கட்டிலில் கிடந்த வலது கையைப் பார்த்தார். "குத்தாதீங்க. சின்ன காஞ்சிபுரத்துல ஸுஷ்மான்னு ஒரு அம்மா கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்குது. அதாண்ட ஒரு வார்த்த கேளுங்க."

ஸுஷ்மா மறுநாள் மழை விட்ட சமயம் பார்த்து ஸ்கூட்டியில் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வந்ததும் கட்டிலைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"சாரா இது? எனக்குத் தெரியவே தெரியாதும்மா. பெரிய டிசைன்னா நம்ம சென்டர்லதான் பிரிண்ட் எடுப்பார். ரெண்டு மாசமா காணோமேன்னு நெனச்சுண்டே இருந்தேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "சார், நான் ஸுஷ்மா. ஞாபகம் இருக்கோல்லியோ?" என்றாள். வீரபாகு சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

"மெதுவா."

"மெதுவாவே சொல்லுங்கோ சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள். அந்தச் சொல்லுக்குப் பதில் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

நீலாம்பாள் தன் முயற்சிகளையெல்லாம் சொன்னதும் ஸுஷ்மா சிரித்துவிட்டாள். "இதுக்கா இத்தன நாள் கஷ்டப்பட்டேள்? ஒரு வயரப் போட்டு மோடத்துக்குள்ள போய்ப் பாத்தா அதுவே காட்டிடும்மா."

பையிலிருந்து நீல வயர் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினாள். ஏதோ நம்பர் அடித்தாள், ஒரு பக்கம் திறந்தது. அதிலிருந்து இன்னொரு பக்கம். நீலாம்பாள் கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றாள்.

"தோ, வந்துடுத்து." ஸுஷ்மா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "கே, ஏ, எல், ஐ... கலியன். கலியன், அப்பறம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. யாரும்மா கலியன்? எங்க தெருவுலகூட அந்தப் பேர் உண்டு. உங்காத்துல யாராவதா?"

"எங்க ஊட்ல அப்பிடி யாரும் இல்லியேம்மா" என்றாள் நீலாம்பாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. வீரபாகு இடது கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார்.

"கலியன்" என்றார்.

சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே பயமாகிவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னார். "கலியன். கலியன்."

ஸுஷ்மா கைதட்டினாள். "பேசிட்டார் பாருங்கோ!" நீலாம்பாளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று நெருஞ்சி போலக் குத்தியது. இரண்டு மாதம் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து, வாய் துடைத்து, துணி மாற்றி, கால் பிடித்துவிட்டு, அவள் காத்திருந்த முதல் சொல் அவளுக்கு யாரென்றே தெரியாத ஒருவனின் பேர்.

அன்று மாலை சங்கரியின் முகம் திரையில் வந்தது. வீரபாகு விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார். அவள் எழுந்து நின்று வயிற்றைக் காட்டினாள். அவர் அழுதார், சிரித்தார், இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கஞ்சி முழுவதையும் குடித்தார். நீலாம்பாள் அவருக்குப் பக்கவாட்டில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீ தெரியவே மாட்ற. கொஞ்சம் உள்ள வாயேன்."

"நான் இங்கதான் இருக்கேன். நீ அப்பாவப் பாரு."

"கலியன்" என்று வீரபாகு மகளிடம் சொன்னார்.

"யாரும்மா அது?"

"அதான் தெரியலடி" என்றாள் நீலாம்பாள்.

தெரிந்தவள் இரண்டு நாள் கழித்து ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீரபாகுவின் அக்கா கிருஷ்ணம்மாள். தம்பிக்கு வாரம் ஒரு தடவை முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வருவாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, "இன்னாடா தம்பி, எப்டிகீற?" என்றாள்.

"கலியன்" என்றார் வீரபாகு.

கிருஷ்ணம்மாளின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது. அதை நீலாம்பாள் பார்த்துவிட்டாள். சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கீரையை முன்னால் வைத்துக்கொண்டு, ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"யாரு அண்ணி கலியன்?"

"எந்தக் கலியன்? எனக்கு இன்னா தெரியும்?"

"அண்ணி, அவரு வாயில அந்தப் பேர் ஒண்ணுதான் வருது. நெட்டுக்கும் அதத்தான் பூட்டா போட்டு வெச்சிருக்காரு. உனக்குத் தெரியும். உன் கையே சொல்லிச்சு."

கிருஷ்ணம்மாள் வெகுநேரம் கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சத்தம் போட்டது.

"தம்பியோட சிநேகிதக்காரன்டி. இதே தெருவுலதான் இருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணா படம் போடக் கத்துக்கினாங்க. ஒரே வௌக்கு, ஒரே பென்சிலு. அந்த எழுபத்து நாலுல பெரிய பட்டுக்கடக்காரரு ஒருத்தரு, புதுசா கரை டிசைன் கொண்டாங்க, நல்லா இருக்கறவனுக்கு வேல தரேன்னாரு. அந்த நேரம் பாத்து கலியனுக்கு மஞ்சக் காமால. ஆஸ்பத்திரில கெடக்கறான். என்னுதையும் சேத்துக் குடுத்துடுடான்னு தம்பியாண்ட பேப்பரக் குடுத்தான்."

"குடுக்கலியா?"

"குடுத்தான்டி. பேர மாத்திக் குடுத்தான்."

நீலாம்பாள் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"அன்னக்கரையா?"

கிருஷ்ணம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு அன்னம் எதிரெதிராக நிற்க, நடுவில் தாமரைத் தண்டு வளைந்து போகிற அந்தக் கரை ஐந்தாறு வருஷம் காஞ்சிபுரத்துத் தறியெல்லாம் ஓடியது. அதனால்தான் வீரபாகுவுக்கு வேலை கிடைத்தது, பேர் கிடைத்தது. 'அன்னக்கரைக்காரர்' என்றுதான் இன்றைக்கும் கடைத்தெருவில் சொல்லுவார்கள். அன்னக்கரைக்காரருக்குப் பெண் கொடுக்கிறோம் என்று நீலாம்பாளின் அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார். அவளுடைய கூறைப்புடவையிலும் அதே கரைதான்.

"கலியன் ஒடம்பு தேறி வந்தான். தறியில அந்தக் கரை ஓடறதப் பாத்தான். ஒண்ணுமே சொல்லல. சத்தம் போட்டு சண்ட போட்டிருந்தா தேவலாம்டி. ஒரு வாரத்துல ஆரணிக்குப் போயிட்டான், அவுங்க மாமன் ஊட்டுக்கு. அப்புறம் இந்தப் பக்கமே வர்ல. அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ வர்றதுக்கு முன்னாடி நடந்த கத, உனக்கு எதுக்குன்னு வுட்டுட்டோம்."

"ஆரணில இருக்காரா இன்னும்?"

"ஏன்டி கேக்கற?" கிருஷ்ணம்மாள் நிமிர்ந்தாள். "அவனக் கூப்புடப் போறியா? வந்து தெருவுல நின்னு கத்துனான்னா? ஊரு பூரா தெரியணுமா? சங்கரி புகுந்த ஊட்டுக்குத் தெரியணுமா? கெடக்கறவனுக்கு மிச்சம் இருக்கறதே அந்தப் பேரு ஒண்ணுதான்."

நீலாம்பாள் கீழே விழுந்த கீரையைப் பொறுக்கினாள்.

அன்றும் மறுநாளும் அவள் வீரபாகுவிடம் பேசவில்லை. வேளைக்குக் கஞ்சி கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், கைக்கு எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டினாள். கையை மட்டும் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், மழை ஓய்ந்து சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ராட்டையை நிறுத்திவிட்டு நேரே கேட்டாள்.

"அது உங்க டிசைன் இல்லியா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. எதையோ தேடினார், கண் இங்குமங்கும் ஓடியது. ஒரு முழு நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லை.

"மெதுவா" என்றார். கன்னத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

நீலாம்பாள் புடவைத் தலைப்பால் அந்தக் காதைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்துபோய்க் கிருஷ்ணம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, ஆரணில கலியன் ஊட்டு நம்பர் உனக்குக் கெடைக்கும். எனக்கு அது வேணும். அவரால கேக்க முடியாது. அவருக்காக நான்தான் கேக்கணும்."

கலியன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி, கட்டையான ஆள், தலை முழுக்க நரை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஐந்து கிலோ ஆரணி அரிசிப் பை. வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், கட்டிலுக்கு நான்கடி தள்ளியே நின்றார். போனில் நீலாம்பாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், உடம்பையும் பாஸ்வேர்டையும் சேர்த்து. அந்தப் பக்கம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வருவார் என்று அவள் நம்பவும் இல்லை.

வீரபாகு அவரைப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது.

"கலியன்" என்றார்.

வந்தவர் அசையவில்லை.

"கலியன். கலியன்." குரல் உடைந்தது. ஒரு தடவை கெஞ்சுகிற மாதிரி சொன்னார், ஒரு தடவை கூப்பிடுகிற மாதிரி சொன்னார், இன்னொரு தடவை தன்னையே ஏசிக்கொள்கிற மாதிரி சொன்னார். எல்லாம் அந்த ஒரு பேர்தான். அதற்கு முன்னும் பின்னும் வர வேண்டிய சொற்கள் ஒன்றுமே வரவில்லை.

நீலாம்பாள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கருணைக்கிழங்கை மசித்துக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தாள். கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தாள். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அப்புறம் வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தபோது கலியன் உட்கார்ந்திருந்தார். வீரபாகுவின் இடது கை அவர் முழங்கால் மேல் கிடந்தது. அவர் அதைப் பிடிக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

சாப்பாட்டை இலையில் போட்டாள். கலியன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ரசத்துக்குச் சாதம் போடும்போது, "போதும்மா" என்றார். அதுதான் அந்த வீட்டுக்குள் அவர் பேசின பேச்சு.

சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, நீலாம்பாள் அவரோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனாள். தெருமுனையில்தான் அவர் வாய் திறந்தார்.

"பஸ்ல வரச்சொல்ல யோசன பண்ணிக்கினே வந்தேன்மா. மொதல்ல இத கேக்கணும், அப்புறம் அத கேக்கணும்னு. இன்னிக்கி மட்டுமா? முப்பத்தஞ்சு வருசமா தறில உக்காந்துக்கினு அவனாண்ட சண்ட போட்டுக்கினுதான் இருக்கேன். அவன் இப்பிடிச் சொல்வான், நான் அப்பிடிச் சொல்வேன். அவன் பேச்சையும் நானே பேசிடுவேன். என் பொண்டாட்டி கேப்பா, யாராண்டய்யா பேசிக்கினு கீறன்னு."

"தெரியுதுண்ணே" என்றாள் நீலாம்பாள்.

"அந்தக் கரை போட்ட பொடவயப் பாத்துட்டு பாதி வழில பஸ்ஸ வுட்டு எறங்கியிருக்கேன்மா நான். ஒரு தபா இல்ல, நாலஞ்சு தபா." விரிக்காத குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இப்ப வந்து பாத்தா, பேச்சில்லாம கெடக்கறான். அவனாண்ட போய் இன்னாத்த கேக்கறது? என் சண்டய எங்க கொண்டு போயி வெக்கறது, சொல்லு."

மழை அவர்கள் இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு லாரி சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லத்தான் கூப்ட்டியாம்மா?"

"இல்லண்ணே. அத கேக்க எனக்கு ஒரு பாத்தியதையும் இல்ல. அந்தக் கரையில நானும் சோறு தின்னிருக்கேன். அவரு உங்களப் பாக்கணும், நீங்களும் அவரப் பாக்கணும். அதுக்குத்தான்."

கலியன் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். செய்யாறு வழியாகப் போகிற ஆரணி பஸ் திரும்பி வந்தது. படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தறில ஒரு பாவு இருக்குது. முடிக்க இருவது நாள் ஆவும். முடிஞ்சதும் வரேன். டாக்டரு சொன்ன மாதிரி பேச வையி அவன. நாலு வார்த்தையாவது திருப்பிச் சொல்ற மாதிரி ஆக்கி வையி. அவனாண்ட நான் சண்ட போடணும்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் போனது.

நீலாம்பாள் தனியே திரும்பி நடந்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டிருந்தார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. யாரோ அவளைப் பார்த்து, "யாரு வந்தாங்க, ஒறவுக்காரரா?" என்று கேட்டார்கள். "அவரு சிநேகிதரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொன்ன பிறகு, அந்தச் சொல்லை அவருக்காக அந்தத் தெருவில் அவள் சொன்னது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

வீட்டுக்குள் வந்தபோது வீரபாகு கதவையே பார்த்தபடி தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து போனாள்.

"கலியன்?" என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக வந்தது.

"பஸ் ஏறிட்டாரு. இன்னும் இருவது நாள்ல வராராம்." ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சமாதானம் பண்ண இல்ல. சண்ட போட வராராம். நீங்க பதில் சொல்லணுமாம். பேசக் கத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

வீரபாகு அவளையே பார்த்தார். பயப்படுகிறாரா, சந்தோஷப்படுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவருக்கு மட்டும் இல்லீங்க. எனக்கும் உங்களாண்ட முப்பது வருசத்து சண்ட இருக்குது. அவரு வர்றதுக்குள்ள என்னுத முடிச்சிக்கிறேன்" என்றாள். "எங்க, வாயத் தொறங்க. அ சொல்லுங்க."